குடல் புற்றுநோய் சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளே ஏன் எழும்பி நடக்கச் சொல்கிறார்கள்?

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் என்று தெரிந்து ஒப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டால், கொழும்பில் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் தொலைபேசி வரும். எல்லோரும் சொல்லும் புத்திமதியும் ஒன்றுதான்: "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, ஒரு மாதம் அசையாமல் படுத்து ரெஸ்ட் எடுங்கோ." ஆனால் ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் பார்க்கப் போனால், ஆள் கதிரையில் இருந்து சூப் குடித்துக்கொண்டிருப்பார். பின்னேரம் இன்னொரு தடவை நடக்க வேண்டும் என்று தாதி வேறு சொல்லிவிட்டுப் போவார். பார்க்கப் போன உறவினருக்குப் பகீர் என்று இருக்கும். கட்டில் தேவைப்படுகிறது என்று அவசரப்படுத்துகிறார்களோ என்ற சந்தேகமும் எழும்.

அப்படி இல்லை. இதற்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஆராய்ச்சி இருக்கிறது. விரைவு மீட்புத் திட்டம் என்று தமிழில் சொல்லலாம்; வைத்தியர்கள் ஆங்கிலச் சுருக்கமாக ஈராஸ் (ERAS) என்பார்கள். விரைவு என்றதும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதுதான் நோக்கம் என்று தோன்றும். உண்மையில் வீடு திரும்பும் நாள் முன்னுக்கு வருவது இதன் விளைவுகளில் ஒன்று மட்டுமே. ஒப்பரேஷன் உடலுக்குக் கொடுக்கும் அடியைக் குறைப்பதுதான் மையம். அந்த அடி குறைந்தால் அதன் பலன் வாட்டை விட்டு வெளியேறும் நாளோடு முடிவதில்லை. அடுத்து வரும் கீமோதெரபியையும், அதற்கப்பால் வரும் வருடங்களையும் தொடக்கூடியது. நீண்டகாலப் பலன் பற்றிய அந்தப் பகுதியை நம்மவர்களுக்கு யாரும் போதுமான அளவு விளக்குவதில்லை என்பது என் ஆதங்கம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

சத்திரசிகிச்சை நிபுணர் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் உடலைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய காயம். காயம் பட்டதும் உடல் அபாய நிலைக்குப் போகிறது. கோர்ட்டிசோல், அட்ரினலின் போன்ற ஹோர்மோன்கள் கூடுகின்றன. இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாது. அதனால் சீனி வருத்தமே இல்லாதவருக்கும் இரத்தத்தில் சீனி ஏறலாம். சக்திக்காகத் தசைகள் கரைக்கப்படுகின்றன. குடல் தன் அசைவை நிறுத்திக்கொள்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தியும் சில நாட்களுக்கு மந்தமாகிறது.

இந்த எதிர்வினையை முழுதாகத் தவிர்க்க முடியாது. ஆனால் பழைய நடைமுறைகள் பல இதை இன்னும் மோசமாக்கின. முதல் நாள் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய், வயிற்றறையில் சேரும் நீரை வடிக்க இன்னொரு குழாய், சிறுநீருக்கு வேறொன்று. லீற்றர் லீற்றராகச் சேலைன். வலிக்கு மோர்ஃபின். காற்றுப் பிரியும் வரை வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. இவை ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் வந்தவைதான். ஆனால் பலவற்றை யாரும் பரிசோதித்துப் பார்த்திருக்கவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றிக் கெலெட் 1990களில் இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேள்விக்குள்ளாக்கினார். ஒப்பரேஷன் முடிந்த நோயாளி இன்றைக்கும் வைத்தியசாலையில் இருப்பது எதனால்? வலியா, வாந்தியா, குடல் அசையாததா, வெறும் வழக்கமா? ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகப் பிடித்துக் குறைத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தார். பிறகு 2001இல் ஐரோப்பாவில் கென் ஃபியரன், ஒலே லியுங்க்விஸ்ட் ஆகியோர் முன்னின்று ஒரு ஆய்வுக் குழுவை அமைத்தார்கள். 2010இல் அது ஈராஸ் சங்கமாக வளர்ந்தது. இன்று உலகின் பல நாடுகள் பின்பற்றும் வழிகாட்டிகள் அங்கிருந்து வருகின்றன.

இருபதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்ததுதான் இந்தத் திட்டம். தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரியும். ஒன்றாகச் சேரும்போதுதான் பலம்.

ஒப்பரேஷனுக்கு முன்னரே தொடங்குவது

பலர் நினைப்பதுபோல மீட்சி என்பது தையல் போட்ட பிறகு ஆரம்பிப்பதில்லை. நாள் குறித்த அன்றே ஆரம்பிக்கிறது. காத்திருக்கும் கிழமைகளை நம்மவர்கள் கவலையிலும் விரதத்திலும் கழித்துவிடுவார்கள். வழிபாடு தாராளமாக நடக்கட்டும், ஆனால் அந்தக் கிழமைகளில் பட்டினி வேண்டாம். குடல் புற்றுநோய்க்காரர் ஏற்கனவே எடை குறைந்திருப்பார். முட்டை, மீன், பருப்பு, பால், தயிர் என்று புரதம் உடலில் சேர வேண்டிய நேரம் இது.

இரத்தசோகை இன்னொரு பெரிய விஷயம். பெருங்குடலின் வலப்பக்கக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாக இரத்தம் கசியவிடும். ஆள் வெளிறிக் களைத்திருப்பார். வயது போய்விட்டது என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஹீமோகுளோபினை முன்கூட்டியே பார்த்து இரும்புச்சத்து கொடுத்தால் இரத்தம் ஏற்றும் தேவை குறையலாம். ஒரு சிறு குறிப்பு: இரும்புக் குளுசையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. காலையில் பிளேன் டீயோடு எல்லாக் குளுசைகளையும் ஒரேயடியாகப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

புகைப்பதை நான்கு கிழமைக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். மதுவும் அப்படியே. தினமும் நடக்க வேண்டும். வெள்ளவத்தைக்காரருக்கு மெரின் டிரைவ் இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் மாடி வீட்டில் இருப்பவருக்குப் படிகளே போதும். இது ஒப்புக்குச் சொல்லும் ஆலோசனை அல்ல. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 251 நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஒப்பரேஷனுக்கு முந்திய நான்கு கிழமை உடற்பயிற்சி, போசாக்கு, மனநல ஆதரவு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது கடுமையான சிக்கல்கள் சுமார் 30 வீதத்திலிருந்து 17 வீதமாகக் குறைந்தன.

அப்புறம் அந்த நள்ளிரவுப் பட்டினி. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம் என்ற பயம் நியாயமானது. ஆனால் திட உணவுக்கு ஆறு மணித்தியாலமும் தெளிந்த பானத்துக்கு இரண்டு மணித்தியாலமும் போதும் என்று இன்றைய வழிகாட்டிகள் சொல்கின்றன. சீனி போட்ட பிளேன் டீ தெளிந்த பானம். பால் தேநீர், ஹோர்லிக்ஸ், கஞ்சி இவை தெளிந்தவை அல்ல. கஞ்சி தண்ணி மாதிரித்தானே என்று யாரும் கொடுத்துவிடாதீர்கள். சில இடங்களில் மாவுச்சத்து கலந்த விசேட பானம் கொடுப்பார்கள். பட்டினியாய் உள்ளே போகாத உடலில் இன்சுலின் கொஞ்சமாவது ஒழுங்காக வேலை செய்யும் என்பதுதான் கணக்கு. சீனி வருத்தம் உள்ளவர், குடல் அடைப்பு உள்ளவர், இரைப்பை மெதுவாக வேலை செய்பவர் ஆகியோருக்கு விதி வேறு. மயக்க மருந்து வைத்தியர் சொல்வதே முடிவு. ஆனால், "எனக்கு எத்தனை மணி வரை தண்ணீர் குடிக்கலாம்?" என்று முதல் நாளே கேட்பதில் தவறில்லை. உங்கள் முறை பின்னேரம்தான் என்றால் அந்தக் கேள்வியின் அருமை அன்றைக்குப் புரியும்.

ஒப்பரேஷன் அறையில் நடப்பவை நம் கையில் இல்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். முடிந்தால் பெரிய வெட்டுக்குப் பதில், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லப்ரொஸ்கொப்பி. உடல் குளிர்ந்துவிடாமல் சூடாக வைப்பது. வெட்டுவதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்துக்குள் அன்ரிபயோட்டிக். வாந்தியைத் தடுக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுப்பது. சேலைனை அளவோடு ஏற்றுவது. இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் இரண்டு வரி கூடுதலாகத் தருகிறேன். ஒரு லீற்றர் சாதாரண சேலைனில் ஒன்பது கிராம் உப்பு இருக்கிறது. நான்கைந்து லீற்றர் ஏற்றினால் குடல் சுவரே வீங்கிவிடும். வீங்கிய குடல் அசையாது, வெட்டிய குடல் முனைகளைப் பொருத்திய புதிய இணைப்பு ஆறவும் தாமதமாகும். மிகவும் குறைத்தாலோ சிறுநீரகம் பாதிக்கப்படும். 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று அதையும் காட்டியது. ஆகவே கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

வாட்டில் முதல் மூன்று நாட்கள்

இங்கேதான் குடும்பத்துக்கு வேலை இருக்கிறது. இங்கேதான் நம் அன்பு தெரியாமல் குறுக்கே நிற்பதும் உண்டு.

படுத்தே இருப்பதால் நடப்பவை இவை: காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டலாம், தசை நாளுக்கு நாள் கரையும், குடல் இன்னும் மந்தமாகும். வயதானவருக்கு ஒரு கிழமைப் படுக்கையில் போன பலம் திரும்பிவர மாதங்கள் எடுக்கும். அதனால்தான் ஒப்பரேஷன் நடந்த அன்றே கட்டில் ஓரத்தில் உட்காரவைக்கிறார்கள், மறுநாள் நடக்கவைக்கிறார்கள். தையல் பிரிந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் வரும். வாட்டுக்குள் மெதுவாக நடப்பதால் தையல் பிரிவதில்லை. இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்தால் வலியும் பயமும் குறையும். பாரம் தூக்குவது வேறு கதை. அதைச் சில கிழமைகள் தவிர்க்கத்தான் வேண்டும்.

நடக்க வேண்டுமானால் வலி அடங்க வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது நல்ல பெயர் தரலாம், நல்ல மீட்சியைத் தராது. மோர்ஃபின் வகை மருந்துகள் குடலைத் தூங்கவைப்பதால் அவற்றைக் குறைத்து, பனடோலை நேரம் தவறாமல் கொடுப்பது, முதுகெலும்பு வழியாகவோ வயிற்றுச் சுவரிலோ மரத்துப்போகும் மருந்து கொடுப்பது என்று பல வழிகளைச் சேர்க்கிறார்கள். வலி ஏறிய பிறகு ஓடுவதைவிட ஏறாமல் வைத்திருப்பதுதான் உத்தி. ஆகவே "மிஸ்ஸைக் கரைச்சல்படுத்தக் கூடாது" என்று அம்மா பேசாமல் இருந்தால், அவருக்காக நீங்கள் போய்ச் சொல்லுங்கள். வெளியே பாமசியில் வலிக் குளுசை வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். சில வகைகள் சிறுநீரகத்துக்கும் புதிய குடல் இணைப்புக்கும் நல்லதல்ல.

சாப்பாடு? காற்றுப் பிரியும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் கெலெட்டுக்குப் பின் வந்த பெரிய மாற்றம். பெரும்பாலானோருக்கு அன்றே பானம், மறுநாள் இலேசான உணவு. குடலில் உணவு பட்டால்தான் குடலுக்கு வேலை ஞாபகம் வரும். ஒரேயடியாக வேண்டாம், சிறிது சிறிதாக. வயிறு ஊதினால், குமட்டினால் நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும். பார்க்க வருபவர்கள் திராட்சையும் அப்பிளும் கிரீம் பிஸ்கட்டும் கொண்டுவருவது நம் வழக்கம். அதற்குப் பதில் அவித்த முட்டையோ, முள் நீக்கிய மீனோ, அன்று என்ன கொடுக்கலாம் என்று வாட்டில் கேட்டுக் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். பார்க்கும் நேரத்தில் கட்டிலைச் சுற்றி நின்று கதைப்பதைவிட, ஆளைக் கைப்பிடித்து வாட்டு நடைபாதையின் கோடிவரை கூட்டிப்போய் வாருங்கள்.

இத்தனையும் சேர்ந்து என்ன பலன்? 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 16 பரிசோதனைகளில் பங்கேற்ற 2,376 நோயாளிகளின் தரவை ஒன்றாகப் பார்த்தது. மொத்தச் சிக்கல்கள் சுமார் 40 வீதம் குறைந்திருந்தன. வைத்தியசாலையில் தங்கும் காலம் இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதேவேளை, திரும்ப அனுமதிக்கப்படுவோர் தொகை கூடவில்லை. சீக்கிரம் அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிடுகிறார்கள் என்ற பயத்துக்கு அந்தக் கடைசி விஷயமே பதில்.

ஐந்து வருடத்துக்குப் பிறகு?

இப்போது முக்கியமான கேள்வி. முதல் கிழமையில் சீக்கிரம் நடந்தால் ஐந்து வருடத்துக்குப் பிறகு உயிரோடு இருக்கும் வாய்ப்பு கூடுமா?

கூடலாம் என்று நினைக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. முதலாவது கீமோதெரபி. நிணநீர்க் கணுக்களுக்குப் (நெறிக்கட்டிகளுக்கு) பரவியிருக்கும் மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயில், ஒப்பரேஷனுக்குப் பின் கீமோ கொடுப்பது வழக்கம். அதைச் சுமார் எட்டுக் கிழமைக்குள் ஆரம்பிப்பதே நல்லது. தாமதமாக ஆகப் பலன் குறைகிறது. காயத்தில் சீழ், நியூமோனியா, எழுந்து நடக்க முடியாத பலவீனம் என்று ஒருவர் வாட்டிலேயே கிடந்தால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போகும். சிலருக்கு அந்தக் கீமோ கிடைக்காமலே போய்விடுகிறது. இரண்டாவது, குடல் இணைப்பில் கசிவு போன்ற பெரிய சிக்கல் வந்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்றாவது, மந்தமான எதிர்ப்புச் சக்தி சீக்கிரம் பழைய நிலைக்கு வருவது மிச்சமிருக்கும் புற்றுக் கலங்களைக் கையாள உதவலாம் என்ற கருத்து. இந்த மூன்றாவது இன்னும் ஊகத்துக்கு அருகில்தான் நிற்கிறது.

நேரடிச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது சுவீடன் ஆய்வு. ஸ்டொக்ஹோமில் 2002 முதல் 2007 வரை ஒப்பரேஷன் செய்துகொண்ட 911 பேரைப் பின்தொடர்ந்து, 2016இல் வெளியிட்டார்கள். திட்டத்தின் அம்சங்களில் 70 வீதமோ அதற்கு மேலோ பின்பற்றப்பட்டவர்களுக்கு, ஐந்து வருடத்துக்குள் புற்றுநோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 42 வீதம் குறைவாக இருந்தது. பெரிய எண்தான். ஆனால் நிதானமாகப் பார்க்க வேண்டும். இது பழைய பதிவுகளைப் பார்த்த ஆய்வு. முதலிலேயே உடல்பலம் உள்ளவரால்தான் எழுந்து நடக்கவும் சாப்பிடவும் முடியும். அவரே நீண்டகாலம் வாழவும் கூடும். திட்டம் காப்பாற்றியதா, பலம் காப்பாற்றியதா என்று முழுதாகப் பிரித்துச் சொல்வது கடினம். உயிர்வாழும் காலத்தில் வித்தியாசம் காணாத ஆய்வுகளும் உண்டு.

என் மதிப்பீடு இதுதான்: குறுகியகாலப் பலன் உறுதியானது. நீண்டகாலப் பலன் நம்பத்தகுந்தது, நிரூபிக்கப்பட்டது அல்ல. "ஈராஸ் செய்தால் புற்றுநோய் திரும்பாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் கீமோவை உரிய நேரத்தில் தொடங்க உதவும் ஒரு வழியை வேண்டாம் என்று விடுவதற்கும் ஒரு காரணமும் இல்லை.

கீமோ முடிந்த பிறகு வரும் காலத்துக்கு இதைவிட வலுவான ஒரு சான்று 2025இல் வந்தது. முக்கியமாகக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 889 பெருங்குடல் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூன்று வருடம் பயிற்றுநர் வழிகாட்டலோடு உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு ஆலோசனைக் கையேடு மட்டும். ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பகுதியில் 80.3 வீதம், மற்றதில் 73.9 வீதம். எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 வீதமும் 83.2 வீதமும். கிழமையில் மூன்று நான்கு நாள், முக்கால் மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ வேகமான நடை என்பதுதான் கிட்டத்தட்ட அந்தப் பயிற்சியின் அளவு. பின்னேரம் காலிமுகத்திடலில் நடக்கும் ஒருவரால் எட்டக்கூடிய அளவுதான்.

வீடு வந்த பிறகு

சீக்கிரம் வீடு வருவதன் மறுபக்கம், சிக்கல் வந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் வீட்டார் என்பது. குடல் இணைப்பில் கசிவு பெரும்பாலும் முதல் ஒரு கிழமையை ஒட்டி வெளிப்படும். அதற்குள் ஆள் வீட்டில் இருக்கக்கூடும். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வயிறு ஊதி இறுகுவது, தொடர்ந்து சத்தி, ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்கக் கூடாது, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலும் அப்படித்தான். திடீரென்று மூச்சு வாங்கினால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தம் உறையாமல் இருக்க நான்கு கிழமை வரை வயிற்றில் போடும் ஊசியைச் சிலருக்கு எழுதிக் கொடுப்பார்கள். நல்லாய் இருக்கிறாரே என்று அதை இடையில் நிறுத்திவிடாதீர்கள்.

மலக்குடல் ஒப்பரேஷன் ஆனவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒன்றும் உண்டு. அடிக்கடி மலம் வருவது, அடக்க முடியாமல் போவது, ஒரே நேரத்தில் பல தடவை போக வேண்டியிருப்பது. இது உங்கள் குறை அல்ல. அந்த ஒப்பரேஷனின் அறியப்பட்ட பின்விளைவு. உணவு மாற்றம், மருந்து, இடுப்புத் தசைப் பயிற்சி என்று வழிகள் இருக்கின்றன. கிளினிக்கில் வாய்திறந்து சொன்னால்தான் கிடைக்கும்.

எல்லா வாட்டிலும் இந்தத் திட்டத்தின் எல்லா அம்சமும் ஒரே அளவில் நடப்பதில்லை. அதனால் ஒப்பரேஷனுக்கு முந்திய கிளினிக்கில் சில கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, கூட்ட வேண்டுமா? எத்தனை மணி வரை பிளேன் டீ குடிக்கலாம்? வலிக்கு என்ன ஏற்பாடு? எப்போது எழும்பலாம், எப்போது சாப்பிடலாம்? சிறுநீர்க் குழாயை எந்த நாள் எடுப்பீர்கள்? வீட்டுக்கு வந்த பிறகு இரவில் பிரச்சினை என்றால் எந்த இலக்கத்துக்கு அழைப்பது? கீமோ தேவைப்பட்டால் புற்றுநோய் வைத்தியரைப் பார்க்கும் நாளை யார் எடுத்துத் தருவார்கள்?

வெட்டியெடுத்த குடலின் பரிசோதனை அறிக்கை வந்ததும் அதன் பிரதி ஒன்றை வீட்டிலும் வைத்திருங்கள். எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள், எத்தனையில் நோய் இருந்தது என்பது அதில்தான் இருக்கும். கீமோ வேண்டுமா என்று தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. முதல் மூன்று வருடத்துக்குள்தான் நோய் திரும்புவது அதிகம் என்பதால், நோய் திரும்புகிறதா என்று காட்டக்கூடிய சீஈஏ (CEA) இரத்தப் பரிசோதனை, சீ.ரீ. ஸ்கான், சுமார் ஒரு வருடத்தில் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கொப்பி என்று தவணைகள் வரும். நோயாளியின் சகோதரங்களும் பிள்ளைகளும் நாற்பது வயதிலோ, நோயாளிக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்னரோ, எது முந்தியதோ அப்போது தங்களுக்கும் ஒரு கொலனொஸ்கொப்பி பற்றிக் கேட்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் அண்ணனுக்கு வந்திருந்தால், தம்பி கேட்க வேண்டியது முப்பத்தைந்தில்.